டீஜேயை புக் பண்ண மூன்று வழி: அட்வான்ஸ் யார் கையில் நிற்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணியிருந்தார். 150 பேர் கொள்ளும் இடம் கிடைத்திருக்கிறது, முதல் முறையாக எலக்ட்ரானிக் இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சி நடத்தப் போகிறார்கள், பெங்களூரிலிருந்து ஒருவரைக் கூப்பிட வேண்டும். "அண்ணா, நேரா இன்ஸ்டாகிராம்ல மெசேஜ் பண்ணிடவா, ஏஜென்சி வழியா போகவா, இல்ல ஆன்லைன்ல புக்கிங் தளம் இருக்கே அதுல போட்டுடவா? எதுல செலவு கம்மி?" என்று கேட்டார். பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இதே கேள்வி மாதம் இரண்டு பேரிடமிருந்து வருகிறது, அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எல்லோரும் முதலில் கமிஷனைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அட்வான்ஸ் போட்ட நாளிலிருந்து செட் (மேடையில் அந்தக் கலைஞருக்கு ஒதுக்கிய நேரம்) முடிகிற நிமிடம் வரைக்கும் அந்தப் பணம் யார் கையில் நிற்கிறது என்பதை. நேரடியாக புக் பண்ணினால் கலைஞரின் கையில். ஏஜென்சி என்றால் ஏஜென்ட்டின் கணக்கில். ஆன்லைன் தளம் ஒழுங்கான தளமாக இருந்தால் இரண்டு பேர் கையிலும் இல்லாமல் நடுவில் நிற்கும். நிகழ்ச்சி நல்லபடியாக நடந்துவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நடக்காமல் போகும்போதுதான் தெரியும். எனக்கு அது ஒரே ராத்திரியில் தெரிந்தது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. புதுச்சேரிக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டில் மாலை 4 முதல் இரவு 10 வரை நிகழ்ச்சி வைத்திருந்தோம் (திறந்த வெளியில் 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி, அதனால் எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாமே சீக்கிரம் ஆரம்பித்து சீக்கிரம் முடிபவை). மூன்று கலைஞர்கள். முக்கியமானவர் பெங்களூர், அவரை ஏஜென்சி வழியாகப் பிடித்தோம். இரண்டாமவர் மும்பையிலிருந்து மாடுலர் சின்தசைஸர் (துண்டு துண்டாக இணைக்கும் மின்னணு இசைக்கருவி) வைத்து லைவ் செட் பண்ணுகிறவர், அவர் ஒரு ஆன்லைன் தளத்தில் இருந்தார். ஆரம்ப செட்டுக்கு சென்னைப் பையன் ஒருவர், வாட்ஸ்அப்பில் பேசி ஜிபேயில் 5,000 அட்வான்ஸ் போட்டிருந்தேன். அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரியே ரத்து செய்துவிட்டோம். மறுநாள் மதியத்திலிருந்து சென்னை விமான நிலையம் மூடிக்கிடந்தது, மாலையில் புயல் புதுச்சேரி பக்கத்தில்தான் கரையைக் கடந்தது, 24 மணி நேரத்தில் ஊருக்குள் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை.

இனி பணத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். ஏஜென்சியிடம் 35,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்றத்துக்கென்று ஒரு பத்தி இருந்தது: அட்வான்ஸ் திரும்பி வராது, ஆறு மாதத்துக்குள் வேறு தேதி தருவோம். பிப்ரவரியில் தேதி கொடுத்தார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், ஆனால் விமான டிக்கெட், அறை எல்லாம் மறுபடி எங்கள் செலவு. தளத்தில் கிடந்த பணத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். வானிலை மையத்தின் எச்சரிக்கையையும் விமான நிறுவனம் அனுப்பிய ரத்து செய்தியையும் ஏற்றினேன். ஒன்பது வேலை நாளில் பணம் திரும்பிவிட்டது, தளத்தின் சேவைக் கட்டணம் மட்டும் திரும்பவில்லை. அந்த மும்பைக் கலைஞருக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை, அந்தச் சனிக்கிழமைக்காக அவர் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாமல் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். சென்னைப் பையன் நான் கேட்பதற்கு முன்பே ராத்திரி பதினோரு மணிக்கு 5,000த்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். "அண்ணா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று ஒரு வரி. நான் பாதியைத் திரும்ப அனுப்பினேன்.

ஒரே புயல், மூன்று விதமான முடிவு. தளத்தின் வழி எனக்குப் பாதுகாப்பாகவும் கலைஞருக்குக் கடுமையாகவும் இருந்தது. ஏஜென்சியின் வழி கலைஞருக்குப் பாதுகாப்பாகவும் எனக்குச் செலவாகவும் முடிந்தது. நேரடி வழியில் எல்லாமே அந்தப் பையனின் மனசைப் பொறுத்து இருந்தது. எல்லோருக்கும் அந்த மனசு இருக்காது. அதற்கு முந்தைய வருடம் இதே போல நேரடியாக 20,000 அட்வான்ஸ் வாங்கிய ஒருவர், நான்கு நாள் முன்னால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அதே ராத்திரி வேறு ஊரில் ஒரு கல்யாணத்தில் ப்ளே பண்ணினார். அந்த 20,000 எனக்கு நான்கு தவணையாக, ஐந்து மாதத்தில் வந்தது. யூபிஐயில் போன பணத்தை வங்கியிடம் சொல்லித் திரும்ப இழுக்க முடியாது. நாமே சம்மதித்து, நாமே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் அது.

சரி, செலவுக்கு வருவோம். சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாமல் வெறும் கணக்குக்காக ஒரு கலைஞரின் கட்டணம் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், போக்குவரத்தும் அறையும் 14,000. நேரடியாகப் போனால் 74,000, அவ்வளவுதான். ஏஜென்சி மேலே 15 சதவீதம் வைத்தால் 9,000, மொத்த 69,000க்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்தால் 12,420. ஆக 95,420. தளம் 10 சதவீதம் எடுக்கிறது என்றால் 6,000, அந்தக் கமிஷனுக்கு ஜிஎஸ்டி 1,080, பேமென்ட் கேட்வே இரண்டு சதவீதத்தையும் நம் தலையில் கட்டினால் இன்னொரு 1,600க்குப் பக்கம். 82,700 சொச்சம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால் அந்த வரியைப் பெரும்பாலும் உள்ளீட்டு வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம், அப்போது ஏஜென்சிக்கும் தளத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பதிவு இல்லாத நான்கு நண்பர்கள் சேர்ந்து நடத்துகிறீர்கள் என்றால் முழுத் தொகையும் கைக்காசு. கச்சேரிக்கு ஜிஎஸ்டி கிடையாதே என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அந்த விலக்கு நாட்டுப்புற, செவ்வியல் கலைகளுக்கு, அதுவும் கட்டணம் 1.5 லட்சத்தைத் தாண்டாதவரை. டெக்னோ போன்ற எலக்ட்ரானிக் இசைக்குக் கிடையாது.

சில தளங்கள் ஏற்பாட்டாளரிடம் ஒன்றும் வாங்காமல் கலைஞரிடம் கமிஷனைப் பிடிக்கும். இலவசம் என்று நினைக்க வேண்டாம், அந்தக் கலைஞர் தளத்தில் போட்டிருக்கும் விலையே அதைச் சேர்த்துத்தான் இருக்கும்.

இதைவிட அதிகம் சண்டை வருவது டீடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) விஷயத்தில். நிகழ்ச்சியை ஒரு நிறுவனத்தின் பெயரில் நடத்துகிறீர்கள் என்றால் வழக்கமாகத் தொழில்முறைக் கட்டணம் என்ற கணக்கில் 10 சதவீதம் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும், ஒரே ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 தாண்டினால் (2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000). கலைஞர் 60,000 எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார், கணக்கில் 54,000 வந்து விழும். "ப்ரோ, ஆறாயிரம் கொறையுதே" என்று ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் வரும். அந்தப் பணம் அவருடைய பான் எண்ணில்தான் வரவு வைக்கப்படுகிறது, ரிட்டர்ன் போடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். ஏஜென்சிக்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. நேரடி புக்கிங்கில் நாம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

கலைஞரைக் கண்டுபிடிக்கத் தளங்கள் உதவுமா? என் அனுபவத்தில் மிகக் குறைவாகத்தான். நம் ஊர் புக்கிங் தளங்கள் பெரும்பாலும் கல்யாணத்துக்கும் கம்பெனி விழாக்களுக்கும் கட்டப்பட்டவை. கோயம்புத்தூர், டீஜே என்று தேடினால் எல்இடி நடனத் தரையும் புகை இயந்திரமும் சேர்த்து பேக்கேஜ் கொடுப்பவர்கள்தான் வரிசையாக வருவார்கள். அவர்கள் வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஹவுஸ், டெக்னோ, ஆம்பியன்ட் என்று பிரித்துத் தேட அங்கே வழியே இருக்காது. வெளிநாட்டிலும் ஏறக்குறைய இதே கதை. அமெரிக்காவின் கிக்ஸாலட் பிறந்தநாள் விழாவுக்கு ஆள் பிடிக்கிறவர்களுக்கானது, பெர்லினில் இருந்து நடக்கும் கிக்மிட் கிளப்புகளையும் விழாக்களையும் கலைஞர்களோடு சேர்த்துவைக்கிறது என்றாலும் அங்கே எல்லா வகை இசைக்குழுவும் இருக்கும். ஆளைக் கண்டுபிடிப்பது காதால்தான். சவுண்ட்கிளவுடில் ஒரு மணி நேர மிக்ஸ் ஒன்றையாவது முழுசாகக் கேளுங்கள். ரெசிடென்ட் அட்வைசர் என்ற எலக்ட்ரானிக் இசை இணையதளத்தில் அவர் இதுவரை எங்கெங்கே ப்ளே பண்ணியிருக்கிறார், அடுத்து எங்கே போகிறார் என்று பாருங்கள். அவருக்கு வெள்ளிக்கிழமை பெங்களூரில் நிகழ்ச்சி இருக்கிறது என்றால் உங்களுக்கு சனிக்கிழமையோ வியாழக்கிழமையோ கேட்டால் டிக்கெட் செலவு சுருங்கிவிடும், பெங்களூரிலிருந்து கோவைக்கும் சென்னைக்கும் வந்தே பாரத் ரயிலே இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, பணத்தை எந்த வழியில் கொடுப்பது என்பதற்கு மட்டும் தளத்தைப் பார்க்கலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பிடித்த கலைஞரிடம் நேரில் பேசிவிட்டு, "தளத்துல உங்க ப்ரொஃபைல் இருக்கா, அது வழியா பண்ணிக்கலாமா?" என்று கேட்பேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்தப் பக்கம் உண்மையிலேயே அவருடையதா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒருமுறை, தளத்தில் நான் பார்த்த பக்கத்தை அந்தக் கலைஞர் தொடங்கவே இல்லை, யாரோ இடைத்தரகர் அவருடைய படங்களை எடுத்துப் போட்டு வைத்திருந்தார்.

தளம் என்று முடிவெடுத்தால் பணம் கட்டுவதற்கு முன் ஹெல்ப்லைனைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேட்பேன். பணம் எந்தக் கணக்கில் நிற்கும்? ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி பேமென்ட் அக்ரிகேட்டர் (மற்றவர்களுக்காக ஆன்லைனில் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம்) வசூலிக்கும் பணம் வங்கியின் எஸ்க்ரோ கணக்கில்தான் (உரியவருக்குப் போய்ச்சேரும் வரை நடுவில் நிற்கும் தனிக் கணக்கு) இருக்க வேண்டும். எங்கள் கம்பெனி கரன்ட் அக்கவுன்டுக்கு அனுப்பிடுங்க சார் என்று சொல்லும் தளத்துக்கும், தெரியாத ஆளுக்கு ஜிபே பண்ணுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்தது, பணம் எப்போது விடுவிக்கப்படும்? நிகழ்ச்சி முடிந்து 24 மணி நேரத்திலா, 48 மணி நேரத்திலா, நான் புகார் கொடுக்காவிட்டால் தானாகவே போய்விடுமா? மூன்றாவது, கலைஞர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து பாதி செட்தான் ப்ளே பண்ணினார் என்றால் எவ்வளவு வெட்டுவது என்று யார் தீர்ப்பு சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் சொன்ன தளத்தில்தான் நான் இதுவரை பணம் கட்டியிருக்கிறேன்.

தளங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் வெளியே போய்ப் பேசி முடித்துக்கொண்டால் கமிஷன் போய்விடும் என்பதால் தளத்தின் சாட்டில் போன் நம்பர் போட்டால் நட்சத்திரக் குறிகளாக மாறிவிடும். சவுண்ட் பார்க்கிறவரும் கலைஞரும் நேரில் பேசவே முடியாது. போன வருடம் ஒரு நிகழ்ச்சிக்குத் தளத்தின் படிவத்தில் "சவுண்ட் சிஸ்டம் உண்டா" என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினோம், அவ்வளவுதான் கேட்டார்கள். கலைஞர் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து மேசையைப் பார்த்தார். இரண்டு சிடிஜே (டீஜேக்கள் பாட்டு போடும் ப்ளேயர்) இருந்தன, மிக்ஸர் இருந்தது, இரண்டு ப்ளேயரையும் இணைக்கிற லேன் கேபிள் இல்லை. அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு பென்டிரைவ். கேபிள் இருந்தால் ஒரு பென்டிரைவை இரண்டு ப்ளேயரும் படிக்கும், இல்லாவிட்டால் ஒரு ப்ளேயர் சும்மா நிற்கும். நேரு வீதிப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று ஷட்டர் இறக்கப் போகிற நேரத்தில் எங்கள் ஆள் ஓடிப் போய் 150 ரூபாய்க்கு வாங்கி வந்தார். கதவு திறந்து இருபது நிமிடம் ஆகியும் பாட்டு இல்லை. டெக் ரைடர் என்ற ஒரு பக்கக் காகிதம் முன்பே கைக்கு வந்திருந்தால் அது நடந்திருக்காது. ஏஜென்சி அந்தக் காகிதத்தை ஒப்பந்தத்தோடேயே தைத்து அனுப்பும்: சிடிஜே-3000 இரண்டு, டிஜேஎம்-ஏ9 மிக்ஸர், கலைஞர் நிற்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மானிட்டர் ஸ்பீக்கர், மேசை இத்தனை அடி உயரம். நம் ஊர்களில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கல்யாணங்களுக்கு எடுக்கும், லேப்டாப்போடு இணைக்கிற கன்ட்ரோலர்தான், சிடிஜே வேண்டுமென்றால் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு வாரமாவது முன்கூட்டித் தெரிய வேண்டும். ஆகவே தளத்தில் புக் பண்ணினாலும் ரைடரைத் தளத்தின் சாட்டிலேயே ஏற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பேச்சை வாட்ஸ்அப்புக்கு மாற்றினால் நாளைக்குப் புகார் என்று வரும்போது "எங்க சாட்ல எதுவும் இல்லையே" என்று தளம் கை கழுவ வசதியாகிவிடும்.

வெளிநாட்டுக் கலைஞர் என்றால் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை, ஏஜென்சிதான், கூடவே நல்ல ஆடிட்டர். இந்தியாவில் நிகழ்ச்சி நடத்தும் வெளிநாட்டுக் கலைஞரின் மொத்தத் தொகையில் 20 சதவீதம் வரி, செஸ் சேர்த்து 20.8, பணம் கொடுக்கும் நாம்தான் பிடித்துக் கட்ட வேண்டும். "கையில் 1,000 யூரோ வேண்டும்" என்று அவர் சொன்னால் நாம் 1,263 யூரோ என்று கணக்குப் போட வேண்டும், 263 அரசுக்கு. அதற்கு மேல் ரிவர்ஸ் சார்ஜில் (சேவையை வாங்கும் நாமே கட்டும் முறையில்) ஜிஎஸ்டி, வங்கி வழியாக அனுப்ப ஆடிட்டர் சான்றிதழ், அப்புறம் சுற்றுலா விசாவில் வந்து பணத்துக்கு ப்ளே பண்ண முடியாது என்ற விஷயம். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் கார்டைத் தேய்த்து புக் பண்ணினால் இவை எதுவுமே நடக்காது, பொறுப்பு மட்டும் நம் தலையில் அப்படியே இருக்கும். ஐரோப்பாவிலும் இப்படித்தான். ஜெர்மனிக்கு ப்ளே பண்ணப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளிநாட்டுக் கலைஞரின் கட்டணத்தில் 15 சதவீதம் வரியும் அதன்மேல் ஒற்றுமை வரியும் சேர்ந்து 15.825 பிடிப்பார்கள், ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோ வரை என்றால் பிடிப்பதில்லை. தொகை பேசும்போது வரிக்கு முன்பா பின்பா என்று கேட்டுவிடுங்கள்.

நேரடி வழியை நான் கைவிடவில்லை, இன்றைக்கும் என் புக்கிங்கில் பாதி அப்படித்தான். ஆனால் ஒரு மெசேஜ் இல்லாமல் அட்வான்ஸ் போடுவதில்லை. ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வணக்கம் ப்ரோ, பேசியதை எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை 14ஆம் தேதி, 7.30 முதல் 9 வரை உங்கள் செட். தொகை 25,000, டீடிஎஸ் இல்லை. ரயில் டிக்கெட் போகவர எங்கள் செலவு, அன்றிரவு அறை உண்டு. இப்போது 10,000, மீதி நீங்கள் மேசையை விட்டு இறங்கிய பத்து நிமிடத்தில். நாங்கள் ரத்து செய்தால் அட்வான்ஸ் உங்களுடையது. நீங்கள் ரத்து செய்தால் ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும். மழை, புயல், போலீஸ் அனுமதி மறுப்பு என்றால் பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு. சரி என்று பதில் போட்டதும் அனுப்புகிறேன்." கடைசி நிபந்தனையை ஃபெஞ்சலுக்குப் பிறகுதான் சேர்த்தேன். மும்பைக்காரருக்கு ஒன்றுமே போகாததும் அந்தச் சென்னைப் பையன் முழுசையும் அனுப்பியதும் இன்னும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

"மேசையை விட்டு இறங்கிய பத்து நிமிடத்தில்" என்பதை நான் உயிராக மதிக்கிறேன். நம் ஊரில் ஆரம்ப செட் போடும் பிள்ளைகளுக்கு 5,000, 8,000 என்று பேசிவிட்டு இரண்டு மாதம் அலைய விடுகிறவர்கள் நிறைய. "அண்ணா, பேமென்ட் எப்ப வரும்?" என்று மூன்றாவது தடவை கேட்பதற்குள் அந்தப் பையனுக்கு ஹெட்ஃபோனைத் தொடவே பிடிக்காமல் போய்விடுகிறது. சின்னத் தொகையைத் தளத்தில் போட்டால் கமிஷன் போக அவர் கைக்குக் கொஞ்சம்தான் வரும், அதுவும் இரண்டு நாள் கழித்து. 10,000க்குக் கீழே எதுவானாலும் நேரடியாக, அந்த ராத்திரியே, முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன் என்றால்: பெங்களூர்க்காரரை உனக்கு நேரில் தெரியாது, தொகை 60,000, உனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, அதனால் அவர் ஒத்துக்கொண்டால் தளம் வழியாகப் போ, 8,700 ரூபாய் கூடுதல் செலவை இன்ஷூரன்ஸ் மாதிரி நினைத்துக்கொள். ஆரம்ப செட் போடும் இரண்டு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் நேரடியாகக் கொடு. பிபிஎல், ஐபிஆர்எஸ் அமைப்புகளின் இசை உரிமமும் போலீஸ் அனுமதியும் மூன்று வழியிலும் உன் வேலைதான், எந்தத் தளமும் வாங்கித் தராது. நேற்று மறுபடி அழைத்தார். பெங்களூர்க்காரர் தளம் வேண்டாம், ஏஜென்ட்டிடம் பேசுங்கள் என்றிருக்கிறார், ஏஜென்ட் 50 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறாராம். ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். இயற்கைச் சீற்றம் பற்றிய பத்தியில் வேறு தேதி எத்தனை மாதத்துக்குள் என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அதை எழுதி வாங்கிய பிறகு பணம் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.